சாயக்காரர் சந்தில் ஒரு கிடங்கு

எனக்குப் பின்னால் பதிவுத்துறையில் சேர்ந்த ஒரு பெண் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அலுவலக எல்லையில் அடுத்தடுத்து இரண்டு தெருக்கள். மண் ஒன்று, நிலத்தடி நீர் ஒன்று. ஆனால் ஒன்றின் மதிப்பு மற்றதைப் போல மூன்று மடங்கு என்று கம்ப்யூட்டர் காட்டுகிறதாம். "இதை மொதல்ல யாரு அளந்து போட்டாங்க, மேடம்?" என்று கேட்டாள். யாரும் அளக்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் தெருக்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

தேவிகாபுரத்துக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவள் நான். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. பள்ளிக்கூடம், எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங், தேர்வாணையப் பரீட்சை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் பதிவுத்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்திரம் என்ற ஒன்றைத் தொட்ட முதல் கை என்னுடையது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் நான் பழகவில்லை. கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, சட்டைப்பையில் வைப்பது போல ரவிக்கை ஓரத்தில் பேனாவைச் செருகிக்கொண்டு போவேன்.

வேலை கிடைத்தவுடன் தங்க இடம் தேடினேன். பட்டு வியாபாரிகள் குடியிருந்த ஜரிகைக்காரர் வீதியில் ஒரு வீட்டில் "அறை வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. வீட்டுக்கார அம்மாள் நன்றாகத்தான் பேசினாள்.

"எந்த ஊரும்மா?"

"தேவிகாபுரம் பக்கங்க."

"பக்கம்னா? கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

"ஏரிக்கரை தாண்டி. காலனிங்க."

"அப்படியா. ரூமு காலியாத்தான் இருந்துது. நேத்துதான் எங்க மச்சான் புள்ள வரேன்னு லெட்டர் போட்டான்."

அந்த அட்டை அதற்குப் பிறகும் இரண்டு மாதம் தொங்கியது. மச்சான் பிள்ளைக்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது.

அந்த வீதிக்கு நேர் வடக்கே, வீதி வீடுகளின் பின்சுவரை ஒட்டி ஓடியது சாயக்காரர் சந்து. பட்டு நூலை வேகவைத்துச் சாயம் ஏற்றுகிறவர்கள் இருந்த இடம். சாக்கடையில் ஒரு நாள் சிவப்புத் தண்ணீர் ஓடும், ஒரு நாள் பச்சை. அங்கே ஜெபமாலை அக்கா தன் முன்னறையை எனக்குக் கொடுத்தாள். கணவன் இறந்த பிறகு தானே பட்டறையை நடத்திக்கொண்டிருந்தவள். அவளும் ஊரைக் கேட்டாள்.

"காலனியா? எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்கற வரைக்கும் நாங்களும் உங்காளுங்கதான். அத்த வுடு. சாய நாத்தம் தாங்குவியா, அத்த சொல்லு."

தாங்கினேன். நான்கு வருடம் அங்கேயே இருந்தேன்.

இனி அலுவலகம். அப்போது எங்கள் சார்பதிவாளர் தனகோட்டி சார். ஒல்லியான மனிதர். காகிதம் பறக்கும் என்று மின்விசிறியைப் போடவிட மாட்டார். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. பத்திரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். பத்திரத்தையும் மற்றவர்களைப் போல மேலிருந்து படிக்க மாட்டார். கடைசிப் பக்கத்திலுள்ள சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் முதலில் படிப்பார். விற்பவர் வாங்குபவர் பெயர்களை எல்லாவற்றுக்கும் பிறகு பார்ப்பார். விற்க வந்தவரிடம் மூன்று கேள்விகள். "பணம் வாங்கிட்டீங்களா? யாராச்சும் மிரட்டி எழுதி வாங்குனாங்களா? வாசல் எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்வி எந்தச் சட்டத்திலும் இல்லை. அது அவருடைய சொந்தக் கேள்வி. சொத்து எந்தத் தெருவைச் சேர்ந்தது என்பதை அவர் வாசலை வைத்துத்தான் முடிவு செய்வார்.

கைநாட்டு விஷயத்திலும் அப்படித்தான். சாயக்காரர்களின் கட்டை விரலில், நூல் வேகவைக்கும் சோடா அரித்து ரேகையே இருக்காது. "கோடு தெரியலை, இன்னொண்ணு" என்பார். துணியால் துடைத்து, மை தொட்டு, மறுபடி. நான்கு தடவை ஆனாலும் எரிச்சல்பட மாட்டார். கோடு தெரியாமல் விடவும் மாட்டார். நான் எந்தத் தெருக்காரி என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருக்கலாம். அது பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு துண்டுச் சீட்டு எழுதுவோம். ஒன்று ஆள் பேரில், இன்னொன்று சொத்தின் பேரில். சொத்துச் சீட்டுகளைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கி, அட்டவணைப் புத்தகத்தில் ஏற்றுவது என் வேலை. பிற்காலத்தில் வில்லங்கச் சான்று கேட்பவருக்கும், ஒரு தெருவில் நிலம் என்ன விலை போகிறது என்று கேட்பவருக்கும் அந்தப் புத்தகம்தான் பதில் சொல்லும். தெருவாரி மதிப்புப் பட்டியல் என்று அரசாங்கம் பின்னால் போட்டபோதும் இந்த மாதிரிப் புத்தகங்களைப் பார்த்துத்தான் போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தை எழுதிக்கொண்டே வந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. ஊரில் எல்லோரும் முத்திரைச் செலவுக்குப் பயந்து, கொடுத்த விலையில் பாதியைத்தான் பத்திரத்தில் எழுதுவார்கள். சந்துக்காரர்களுக்குப் பத்திர எழுத்தர் கேட்காமலே பாதி போட்டுவிடுவார். ஆனால் ஜரிகைக்காரர் வீதியில் மட்டும் நேர்மாறு. அந்த வீதிக்காரர்களுக்குள் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தோடு வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிப் பார்ப்பார்கள். அதனால் கொடுத்ததைவிடக் கூட்டியே எழுதுவார்கள். அதிகப்படி முத்திரைச் செலவைக் கல்யாணச் செலவோடு சேர்த்துக்கொள்வார்கள். ஆக ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல். நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பஸ் நிலையத்திலிருந்து கடைவீதிக்கு அகலமான சாலை போட முடிவானது. முதலில் ஜரிகைக்காரர் வீதியை அகலப்படுத்துவதாகத்தான் பேச்சு. பிறகு அது சந்துக்கு நகர்ந்தது. காரணம் கோப்பிலேயே இருந்தது: நில மதிப்பு குறைவு, இழப்பீட்டுச் செலவும் குறைவு. சந்தின் வடக்கு வரிசை வீடுகள் முழுக்கப் போக வேண்டும். ஜெபமாலை அக்காவின் வீடும் பட்டறையும் கிணறும் அந்த வரிசையில் இருந்தன.

இழப்பீடு கணக்கிடத் தாலுகா அலுவலகம் எங்களிடம் ஒரு பட்டியல் கேட்டது. கடந்த மூன்று வருடங்களில் சாயக்காரர் சந்தில் நடந்த கிரயங்கள். அவற்றில் அதிகமான விலையை, உறவுக்குள் நடக்காத கிரயமாக இருந்தால், அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். புத்தகத்தைப் புரட்டினேன். சந்தில் மூன்றே கிரயங்கள். மூன்றும் அண்ணன் தம்பி, மாமன் மச்சானுக்குள். மூன்றிலும் பாதி விலை. அந்தக் கணக்கில் வரும் பணத்தில் அக்காவால் ஊருக்குள் கிணற்றோடு ஒரு மாட்டுக்கொட்டகைகூட வாங்க முடியாது. கிணறு இல்லாமல் அவள் தொழில் இல்லை.

பட்டியலை எழுதி முடிக்காமல் வைத்திருந்தேன். மறுநாள் காலை அக்கா அண்டாவில் நூலைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"லிஸ்ட்டு உன் கையாலதான் போவுதாமே?"

"ஆமாக்கா."

"எத்தினி கிரயம் அதுல?"

"மூணு."

"மூணா? ஏகாம்பரம் குடோனு?"

ஏகாம்பரம் எங்கள் எதிர்ப்பக்கம் வீதியில் வீடு உள்ள பட்டு வியாபாரி. இரண்டு வருடத்துக்கு முன்பு, தன் வீட்டுக்குப் பின்னால், சந்தின் தென்புறத்தில் இருந்த ஒரு சாயப் பட்டறையை வாங்கி நூல் கிடங்கு ஆக்கியிருந்தார்.

"அது வீதிக் கணக்குக்கா."

அவள் கோலை அண்டாவிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இங்க வந்து நில்லு. என் வாசல்ல நின்னு துப்புனா அந்தக் கதவு மேல வுழும். காலையில மூட்டை எறக்கறவன் என் படியிலதான் குந்திகினு பீடி குடிக்கிறான். அது வீதியாம், நான் சந்தாம். நல்லாப் படிச்சேடி நீ."

அன்று நேரத்தோடு அலுவலகம் போய் அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்தேன். பிறகு சீட்டை எடுத்தேன். "ஜரிகைக்காரர் வீதி" என்று என் கையெழுத்தில் இருந்தது. வேறு யாரும் எழுதியிருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தேன். என் கையெழுத்தேதான்.

தனகோட்டி சார் வந்து உட்கார்ந்து, கைக்குட்டையால் மேஜையைத் துடைத்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"சார், ஒரு சொத்துச் சீட்டு தப்பா போயிருக்குது."

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"நாலெல்லையைப் படி."

படித்தேன். "வடக்கில் சாயக்காரர் சந்து மற்றும் இச்சொத்தின் வாசல். தெற்கில் வாங்குபவரின் வீட்டுப் பின்சுவர்..."

"போதும். வாசல் எங்க இருக்குது?"

"சந்துல சார்."

"அப்போ எதைப் பார்த்து வீதின்னு போட்டே?"

பொய் சொல்லியிருக்கலாம். பத்திர எழுத்தர் முதல் பக்கத்தில் ஏகாம்பரத்தின் வீட்டு முகவரியைப் பெரிதாக எழுதியிருந்தார், அதனால் குழம்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மைகூட.

"வாங்கினவர் பேரைப் பார்த்து சார்."

அவர் அட்டவணைப் புத்தகத்தை இழுத்து அந்த வரியின் ஓரத்தைக் காட்டினார். அவருடைய சுருக்கொப்பம். "நானும் பாக்காமத்தான் போட்டிருக்கேன்" என்றார். சற்று நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "இதைத் திருத்தினா யாருக்கு லாபம்?"

"நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கு."

"ஓ."

அந்த 'ஓ'வுக்குப் பிறகு என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். நான் வேலையை இழந்தால் காலனியில் எனக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்த பெண்களை அவர்கள் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். படித்துக் கிழித்தாளே ஒருத்தி, பார்த்தாயா என்பார்கள்.

சார் மதியம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சந்துக்கு. நான் கூடப் போகவில்லை. சாயங்காலம் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. நல்ல வெயிலில் குடையோடு வந்து, கிடங்கின் நான்கு பக்கமும் சுற்ற முடியுமா என்று பார்த்தாராம். முடியவில்லை. கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாராம். "யாருப்பா இது, குடோனை வெலைக்குக் கேட்டு வந்தவரா?" என்று யாரோ கேட்டதற்கு, "கதவு பாக்க வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

மறுநாள் எனக்கு உத்தரவு வந்தது. "திருத்தத்தை நீ எழுது. சிவப்பு மையில. கீழ காரணம் எழுது, தேதி போடு, நான் ஒப்பம் போடறேன். பட்டியலை நீ தொடாதே, நான் எழுதறேன். நீ அந்த வீட்டுல குடியிருக்கறதையும் கோப்புல குறிச்சு வை. நாளைக்கு ஆடிட்ல யாராவது தோண்டி எடுத்தா நம்மகிட்டயே பதில் இருக்கணும்."

காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "எல்லையைப் பார்க்காமல் பதிந்தது" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய வாக்கியங்களில் மிகவும் கடினமானது அதுதான். மூன்றே சொல்.

இரண்டு நாளில் ஏகாம்பரம் வந்துவிட்டார். பத்திர எழுத்தர் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், என் குடோனு சந்துல ஏறிடுச்சாமே."

"ஏறலைங்க. அங்கதான் இருக்குது."

"வீதி சொத்துன்னுதானே சார் வாங்கினேன்."

"வாசல் எந்தப் பக்கம்?"

"வாசல் கெடக்குது சார். தெக்குச் சுவத்த இடிச்சு எங்க வூட்டுப் பக்கமா வெச்சிடறேன். ஒரு நாள் வேலை."

"வெய்யுங்க. வந்து பார்த்துட்டு நானே மறுபடி மாத்தித் தரேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குது?"

ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினார். "பூஜை ரூமு."

"அப்போ மூட்டைக்காரங்க பூஜை ரூம் வழியா வருவாங்க."

எழுத்தர் மேஜையில் யாரோ இருமினார்கள். ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார். "சார், பையனுக்குக் காஞ்சிவரத்துல பேசிகினு இருக்கிறோம். அவங்க வில்லங்கம் போட்டுப் பாக்கறவங்க. ஏகாம்பரத்துக்குச் சாயக்காரர் சந்துல சொத்துன்னு வந்துதுனா இன்னா நெனைப்பாங்க?"

"நல்ல விலைக்கு வாங்கியிருக்காருன்னு நெனைப்பாங்க. விலைதான் பத்திரத்துல இருக்குதே."

"அந்த வெலைய வெச்சுத்தான் சந்துக்காரங்களுக்கும் பணம் போவுதுன்றாங்க. அது வேற சார். அந்த வெலை வந்து..."

அங்கே நின்றுவிட்டார். சார் முதல் தடவையாகப் பத்திரத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "சொல்லுங்க. அந்த விலை?"

ஏகாம்பரம் அந்தப் பட்டறைக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பது சந்து முழுவதற்கும் தெரியும். விற்றவன் அக்காவின் கொழுந்தன். எழுதியது அதைவிட மிக அதிகம். அதைச் சொன்னால் கிடங்கின் கிரயம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஆனால் வீதியில் அவர் எழுதிய மற்றப் பத்திரங்களும் அப்படித்தானா என்று ஊர் கேட்கும். காஞ்சிவரமும் கேட்கும்.

"ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்தார். வாசலில் என்னைத் தாண்டும்போது, "நல்லா வேலை செய்யறம்மா" என்றார். அது பாராட்டு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பட்டியலில் நான்கு கிரயங்கள் போயின. பல மாதம் கழித்து வந்த இழப்பீட்டு உத்தரவில் நான்காவதை அளவுகோலாக எடுத்திருந்தார்கள். வடக்கு வரிசையில் சொந்த வீடு இருந்த எல்லோருக்கும் அந்தக் கணக்கில் பணம் வந்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்களைப் பற்றி எங்கள் புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. இரண்டு குடும்பங்கள் தங்கள் ஊரான பெரணமல்லூருக்கே திரும்பிப் போய்விட்டன. அவர்களுக்காக நான் எதுவும் செய்யவில்லை. செய்ய வழி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாலை வந்த பிறகு நடந்ததை ஆரணிக்காரர்கள் அறிவார்கள். ஏகாம்பரத்தின் கிடங்கு ஷட்டர் போட்ட கடையானது. வீதியின் வடக்கு வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்சுவரை இடித்து வாசலைப் புதுச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் அந்த முகவரியையே அச்சடித்தார்கள். சந்து என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. அதன் மதிப்பு வீதியையும் தாண்டியது. என்னைக் கேட்ட பெண்ணுக்கு வியப்பாக இருந்த அந்த மூன்று மடங்கும் இப்படி எங்கோ எழுதப்பட்டதாகத்தான் இருக்கும்.

ஜெபமாலை அக்கா தேவிகாபுரம் சாலையில், கழனியைப் பிரித்து மனை போட்டிருந்த இடத்தில், பழைய கிணறு ஒன்று அடங்கிய மனையைப் பார்த்துப் பேசி முடித்தாள். பதிவுக்கு வந்த அன்று பத்திர எழுத்தர் வழக்கம் போலப் பாதியைப் போட்டிருந்தார். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினார்.

"இது இன்னா வெலை? நான் குடுத்தது இதுவா?"

"முத்திரை கம்மியாவும்மா. எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாரும் அப்படி எழுதித்தான் எங்க சந்து கெட்டுது. குடுத்தத எழுது."

"பைத்தியமா உனக்கு? புதுசா இன்னொரு முத்திரைத்தாள் வாங்கணும்."

"வாங்கு."

அன்றே அதே வரிசையில் மனை வாங்க இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பத்திரத்தில் பாதிதான். இவள் முழுசாக எழுதுகிறாள் என்று தெரிந்ததும் வராந்தாவிலேயே சண்டை. அவள் எழுதினால் ஆபீசர் எங்களையும் கேட்பார், உன்னால் எங்களுக்குப் பேஜார் என்று ஒருவர் கத்தினார். நியாயம்தான். தனகோட்டி சார் கேட்கத்தான் செய்வார்.

"கேக்கட்டும்" என்றாள் அக்கா. "இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி கட்டு. என்னைக்காவது ரோடு போட வருவான் இல்ல, அன்னைக்கு என் பேரச் சொல்லு."

அவர்கள் திட்டிக்கொண்டே தங்கள் பத்திரங்களையும் மாற்றி எழுதக் கொடுத்தார்கள்.

பதிவு முடிந்த பின் நான் சீட்டு எழுத உட்கார்ந்தேன். நான்கெல்லையை இரண்டு தடவை படித்தேன். வாசல் கிழக்கே, புதிதாக விட்டிருந்த இருபதடிப் பாதையில். அந்தப் பாதைக்கு அதுவரை பெயர் இல்லை. அந்தத் தெருவுக்காக அட்டவணையில் ஏறும் முதல் கிரயம் அவளுடையது.

"அக்கா, தெரு பேரு என்னன்னு போடறது?"

அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தாள். "இப்ப ஒண்ணும் போடாத. எவனாவது பெரிய மனுஷன் வந்து வூடு கட்டுவான், அவன் பேர வெச்சிக்குவானுங்க. வெலைய மட்டும் சரியா எழுது."

தெரு என்ற இடத்தைக் காலியாக விட்டு, சர்வே எண்ணை எழுதி, விலையை எழுதினேன்.